வில்லுக்கு முன்னே ஓடிய நாய்கள்

வியாழன் – மகா ஓயா

செங்கலடிச் சந்தியால் உள்ளே திரும்பிக் கொஞ்சத் தூரம் போனதும் கடற்காற்று நின்றுவிடுகிறது. கரடியனாறு, புல்லுமலை என்று மேற்கே போகப் போக வயல் குறைந்து பற்றைக்காடு கூடுகிறது. இப்போது நல்ல வரட்சி. றோட்டோரக் குளங்களில் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பொழுது சாய்வதற்குள் மகா ஓயா வந்து சேர்ந்துவிட்டோம். இங்குள்ள வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், நான் அதை விட்டுவிடுகிறேன்.

நான் வந்தது வேட்டை நாய்களைப் பற்றி விசாரிக்க. இலங்கை வேடர்கள் என்றதும் நம் எல்லோருக்கும் தோளில் கோடாலியும் கையில் வில்லும்தான் கண்ணுக்குள் வரும். பாடப்புத்தகப் படமும் அதுதான், வேடர் ஊரான தம்பானைக்குப் போய்வந்தவர்கள் போடும் படமும் அதுதான். அந்தப் படங்களில் நாயைத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் வாகரைப் பக்கத்து வேடர்களோடு காடு சுற்றிப் பழகிய என் மூத்தப்பா ஒரு வேட்டைக் கதை சொல்லத் தொடங்கினால், யார் யார் போனார்கள் என்று சொல்வதற்கு முன்னமே எந்த நாய் போனது என்று சொல்வார். நாயின் பெயர், தாய் நாயின் பெயர், அது பிறந்த வீடு எல்லாம் வரும். வில்லைப் பற்றி ஒரு சொல்தான் வரும், "வில்லும் இருந்த" என்று.

அந்த நாய்களை நினைவில் வைத்திருக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். கூட வருபவர் ஓட்டமாவடி நண்பர். வானும் அவருடையது, சிங்களமும் அவர்தான் எனக்காகக் கதைக்கப் போகிறார்.

வெள்ளி – தம்பானை

பதியத்தலாவையில் காலைச் சாப்பாடு. அங்கிருந்து மகியங்கனை றோட்டில் போய்க் கிளைப்பாதையில் இறங்கினால் தம்பானை. இரண்டு கைகளாலும் நம் முன்கைகளைப் பிடித்து வரவேற்கிறார்கள். அந்தப் பிடியில் இருக்கும் உறுதி பிறகும் நெடுநேரம் கையில் தெரிந்தது.

முன்றலில் ஓர் இளைஞர் வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றுக்கு அம்பு எய்து காட்டிக்கொண்டிருந்தார். நல்ல கை. விட்ட அம்பெல்லாம் வாழைத்தண்டில் போய்க் குத்தி நின்றன. நாங்கள் தேடிப்போன பெரியவர் அதையெல்லாம் தாண்டி, பின்னால் ஒரு மரநிழலில் உட்கார்ந்திருந்தார். எண்பதைக் கடந்தவர். வில் வேட்டை அவருடைய தகப்பன் காலத்தோடு முடிந்துவிட்டதாம். அவர் வளர்ந்தபோது துவக்கு வந்துவிட்டது. ஆனால் சிறுவனாகத் தகப்பனோடு நாயைப் பிடித்துக்கொண்டு போனவர் அவர்.

"அப்பா வில்லால் மரை அடித்ததைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்கச் சொன்னேன். மரை என்பது பெரிய மான் இனம். அவர் சொன்ன மறுமொழியை நண்பர் அப்படியே தமிழாக்கித் தந்தார்: "ஓடுற மரையை வில்லால அடிக்க ஏலாது. நிக்கிற மரையைத்தான் அடிக்கலாம். நிக்க வைக்கிறது நாய்."

இதற்குப் பிறகு நான் கேட்க நினைத்திருந்த பாதிக் கேள்விகள் தேவைப்படவில்லை. துவக்குக்காரன் தூரத்தில் இருந்தே முடித்துவிடுவான். வில்லுக்காரன் பத்துப் பாகத் தூரத்துக்குள் (பாகம் என்பது இரு கை விரித்த நீளம்) போக வேண்டும், அதுவும் விலங்கு அசையாமல் நிற்கும்போது. துரத்தும்போது நாய் மரையைக் கடிக்கத் தேவையில்லை. அதன் முகத்துக்கு முன்னால் நின்று குரைத்து, அது கொம்பைத் தாழ்த்தி நாயையே பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்தால் போதும். மரை பெரும்பாலும் தண்ணீரில் இறங்கி நிற்கும், பன்றி என்றால் கல்லிலோ முள்ளுப் பற்றையிலோ பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு நாய்கள் மாறி மாறி முன்னால் ஆடிக்கொண்டிருக்க, மனிதன் காற்றுக்கு எதிராக, கீழே குனிந்து, சருகில் கால்வைக்காமல் வர வேண்டும். பெரியவர் தரையில் இருந்து ஒரு பிடி புழுதி எடுத்து விரல் இடுக்கால் மெல்ல உதிர்த்துக் காட்டினார். புழுதி அவருடைய முழங்கால் பக்கம் சாய்ந்து போனது. "இப்ப நான் அந்தப் பக்கத்தால போக மாட்டேன்" என்று கிழக்கைக் காட்டினார்.

எல்லா வேட்டைக்கும் நாய் போகாது என்பதையும் சொன்னார். தண்ணீர் குடிக்க வரும் மானுக்குப் பதுங்கி இருக்கும் இரவில் நாயை வீட்டிலேயே கட்டிவிட்டுப் போவார்கள். உடும்பு, பன்றி, மரை, இவற்றுக்குத்தான் நாய். குட்டிக்கு முதல் பாடம் உடும்பு. தாயோடு சேர்த்து அனுப்பி, பொந்தைக் கண்டுபிடித்துக் காலால் கிளறும்வரை விடுவார்கள். பொந்தை வெட்டி உடும்பை எடுத்ததும் குடலும் ஈரலும் அந்த இடத்திலேயே குட்டிக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் அது வீட்டில்தான் இறைச்சி இருக்கிறது என்று நினைத்துவிடும் என்றார். தடம் பிடிக்கும்போதே குரைக்கும் நாயை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கண்ட பிறகு குரைப்பதுதான் நாய்.

அவரிடம் பழைய அம்பு ஒன்று இருந்தது. கையில் தந்தார். தண்டு நேரான மெல்லிய மரம், பின்னால் மயிலிறகு நாரால் வரிந்து கட்டியது. இறகின் ஓரம் அந்துப்பூச்சி தின்று பல்லுப் பல்லாகக் கிடந்தது. இரும்பு முனை என் உள்ளங்கை நீளம், வேப்பிலையின் அகலம், நடுவில் மெல்லிய மேடு. ஒரு பக்க விளிம்பு மற்றதைவிடத் தேய்ந்திருந்தது. எப்போதும் ஒரே கல்லில், ஒரே கையால் தீட்டியதால் வந்த தேய்வு என்றார். வில் ஆளுயரத்துக்கும் கூடுதல், நாண் மரப்பட்டை நாரை முறுக்கித் திரித்தது. மழையில் நனைந்தால் நாண் தளரும், அதனால் மழை நாளில் நாயை மட்டும் நம்பித்தான் காட்டுக்குப் போவார்கள், உடும்புக்கு.

அம்பு பட்டதும் ஓடிப்போய்ப் பார்க்கக் கூடாது. உட்கார்ந்து வெற்றிலை போட வேண்டும். அடிபட்ட விலங்கை உடனே துரத்தினால் அது மலை தாண்டி ஓடிவிடும், விட்டுவிட்டால் கிட்டடியில் படுக்கும். வாயில் இருக்கும் வெற்றிலை சாறு முடிந்ததும் நாயை இரத்தத்தில் விடுவார்கள். அந்த இடத்தில் நாய் தன் வேலையை இரண்டாம் தரமும் செய்கிறது.

கரடியைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. யானையைவிடக் கரடிக்குத்தான் பயமாம். நாய் கரடியிடம் போய் மாட்டினால், அது திரும்ப எஜமானிடமே ஓடிவரும், கரடியும் பின்னாலேயே வரும். தகப்பனின் நெற்றியில் இருந்த வடு அப்படி வந்தது.

வேட்டைக்குப் போகுமுன் கந்தே யக்காவை நினைப்பார்கள். முற்காலத்தில் பேர்போன வேட்டைக்காரராக வாழ்ந்து இறந்தவர் அவர். இறந்த பின்னும் தன் ஆட்களுக்குத் தடம் காட்டுகிறார் என்பது நம்பிக்கை. தேங்காய்ப்பால் நிறைத்த பாத்திரத்தைச் சுற்றி அம்பு ஏந்தி ஆடும் கிரி கொரஹ என்ற சடங்கு அவருக்கானது. செலிக்மன் தம்பதி 1907–08இல் இங்கே வந்து, வேடர்களைப் பற்றி 1911இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார்கள்.

வெள்ளி இரவு

தூக்கம் வரவில்லை. கொண்டுவந்த குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பியவர். 1681இல் வந்த அவருடைய நூலில் வேடர்களைப் பற்றிச் சில பக்கங்கள் உண்டு. அதில் ஒரு வரி: பிள்ளைகளின் கலியாணத்துக்குச் சீதனமாக அவர்கள் கொடுப்பது வேட்டை நாய்களை. நிலம் இல்லை, நகை இல்லை. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கக்கூடிய பெரிய சொத்து, உயிரோடு நடந்து போகக்கூடிய ஒன்று. மகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைக்கும் தகப்பன் அதைத்தான் கொடுப்பான்.

அம்பு முனையை அவர்கள் எப்படிப் பெற்றார்கள் என்பதும் நொக்ஸில் இருக்கிறது. இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தங்களுக்கு வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய இலையையும் அதோடு வைத்துவிட்டுப் போவார்கள். கொல்லன் அதே அளவில் செய்து அதே இடத்தில் வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் ஒருநாள் இரவு எங்கிருந்தோ அம்பு வரும். இரும்பை வெளியாளிடம் வாங்கினார்கள். நாயை அவர்களே வளர்த்து, அவர்களே பழக்கி, அவர்களுக்குள்ளேயே கைமாற்றினார்கள். எது அவர்களுடைய சொந்தக் கலை என்று இதிலிருந்தே விளங்குகிறது.

இதே தீவில் நாய் வேட்டைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பின்னாளில் நைல் நதிப் பயணியாகப் பேர் பெற்ற சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி, கப்பலில் கொண்டுவந்த நாய்க் கூட்டத்தோடு மரை துரத்தி, நாய்கள் மடக்கியதும் கத்தியால் குத்தினார். 1854இல் அதை எல்லாம் புத்தகமாக்கினார். அவருடைய நாய்களின் பெயர்கள் அச்சில் நிற்கின்றன: கில்பக், பிரான், ஸ்மட். வேடர்களின் ஒரு நாயின் பெயரைக்கூட எந்தப் பழைய நூலிலும் நான் கண்டதில்லை. இது எனக்கு மனவருத்தம் தருகிறது. பேக்கருக்கு வேட்டை பொழுதுபோக்கு. இவர்களுக்கு அந்த நாய் அன்றைய சோறு.

சனி – தம்பானை, மாதுறு ஓயா எல்லை

காலையில் பெரியவரின் மகன் காட்டு எல்லைவரை கூட்டிப்போனார். நாய் ஒன்று கூடவே வந்தது. மெலிந்த செம்பட்டை நாய். எல்லைக் கல் வந்ததும் அவர் அதைக் கல்லெறிந்து திருப்பி அனுப்பினார். அங்காலே போக அதற்கு அனுமதி இல்லை.

மாதுறு ஓயா தேசிய பூங்கா 1983 நவம்பர் 9 அன்று அறிவிக்கப்பட்டது. 58,850 ஹெக்டேர். மகாவலித் திட்டத்தின் அணைகளுக்கு நீரேந்து காடு வேண்டும் என்பதும், குடியேற்றங்களால் இடம் இழந்த விலங்குகளுக்குப் புகலிடம் வேண்டும் என்பதும் காரணம். உள்ளே இருந்த வேடர்கள் ஹெனானிகலை போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், வயலும் வீடும் கொடுக்கப்பட்டது. அன்றைய தலைவர் திசாஹாமி சில குடும்பங்களோடு போக மறுத்துத் தம்பானையிலேயே இருந்துவிட்டார். 1998இல் அவர் இறந்த பிறகு மகன் வன்னியலெத்தோ தலைவரானார்.

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. வேட்டை திரும்பி வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் காட்டை வெறுமையாக்கியவர்கள் வில்லும் இரண்டு நாயும் வைத்திருந்தவர்கள் என்பது பொய். காட்டை வெட்டி வயலாக்கியவர்கள் வேறு ஆட்கள். இன்றைக்கும் விலங்கு தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு கட்டுபவனும், இரைக்குள் வெடிமருந்து வைத்து ஹக்கபட்டாஸ் போடுபவனும் வேறு ஆட்கள். கட்டுத்துவக்குக்கு மான் எது, மாட்டுக்காரன் எது என்று தெரியாது. ஹக்கபட்டாஸைக் கடித்த யானைக்குட்டி வாய் சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகிறது. நாயோடு போனவன் தான் அடிக்கப்போகும் விலங்கை முகத்துக்கு முகம் பார்த்தான். சினைப்பட்ட மரையைக் கண்டால் தகப்பன் நாயைக் கூப்பிட்டு எடுத்துவிடுவார் என்று பெரியவர் நேற்றுச் சொன்னார். ஒரு சீழ்க்கை, நாய் திரும்பிவிடும். கட்டுத்துவக்கைச் சீழ்க்கை அடித்துத் திருப்ப முடியாது.

மகன் எனக்குக் காட்டிய இன்னொன்று: மரத்தில் பொந்து வெட்டி, தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியை அமிழ்த்தி, வாயைக் களிமண்ணால் அடைத்து வைக்கும் முறை. பஞ்ச காலத்துக்கான சேமிப்பு. இதுவும் நொக்ஸில் அப்படியே இருக்கிறது. அவர் காட்டியது பட்டுப்போன ஒரு மரம், பொந்து காலி. தாத்தா வெட்டியது என்று நினைக்கிறார்.

ஞாயிறு – றோட்டில்

வந்த வழியே செங்கலடி. பிறகு வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பாலம், வாகரை. நண்பர் வீட்டில் மத்தியானச் சோறு, பிறகு நல்ல தூக்கம். எழுத வேறொன்றும் இல்லை.

திங்கள் – வாகரை

தம்பானைக்கு பஸ் பஸ்ஸாக ஆட்கள் போகிறார்கள். வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர் என்று இந்தக் கரையோரம் முழுக்க வேடர் வழிவந்த குடும்பங்கள் இருப்பது கொழும்பிலே எத்தனை பேருக்குத் தெரியும்? இவர்கள் தமிழ் பேசுகிறார்கள், முருகனைக் கும்பிடுகிறார்கள், வெருகல் கோயில் திருவிழாவுக்குப் போகிறார்கள், கதிர்காமத்துக்கு நடக்கிறார்கள். வள்ளி எங்கட வீட்டுப் பிள்ளை என்று சொல்வார்கள். காடும் கடலும் சேர்ந்த வாழ்க்கை. காலையில் வலை, இரவில் காடு.

நான் சந்தித்தவர் மூத்தப்பாவின் கூட்டாளி ஒருவரின் மகன். எழுபதைத் தாண்டியவர். வெறுந்தேத்தண்ணி தந்து, "உன்ட மூத்தப்பன் நல்லா நடப்பான் மனே, ஆனா மரத்தில ஏறத் தெரியாது" என்று தொடங்கினார்.

வில்லைப் பற்றிக் கேட்டேன். "என்ட அப்பாட அப்பா வில்லால அடிச்சவர். நான் வில்லக் கண்டது சடங்கிலதான். தெய்வம் வந்து ஆடக்குள்ள கையில எடுக்கிற. நாங்க போனது நாயும் கோடாலியும் ஈட்டியும்தான்."

பிறகு நாய்க் கதை. குறுக்கே பேசாமல் கேட்டேன், அவர் சொன்னபடியே தருகிறேன்.

"கறுவலி எண்டு ஒரு பொட்ட நாய். காது ஒண்டு கிழிஞ்சது. சேனையில சோளம் முத்தக்குள்ள பண்டி வரும். நாங்க ரெண்டு பேரு காவல். கறுவலி எங்கட காலுக்குள்ள படுத்திருக்கும், மூச்சுச் சத்தம் கூட வராது. பண்டி வேலிக்குள்ள வந்தா எங்களுக்கு ஒண்டும் விளங்காது, இருட்டு. அதுக்கு விளங்கும். ஒழும்பி என்ட முழங்காலில மூஞ்சிய வெச்சு அமத்தும். குரைக்காது. நான் அதுட முதுகில கைய வெச்சா, மயிர் எந்தப் பக்கம் குத்தி நிக்கிதோ அந்தப் பக்கம் பண்டி. தலைய நான் பாக்கிறல்ல, முதுகத்தான் பாக்கிற. பிறகு 'ம்' எண்டா போதும், போயிரும்.

"ஒரு நாள் தனியன் பண்டி. கொம்பு இந்தா இவ்வளவு. கறுவலிட வகிறக் கிழிச்சுப்போட்டுது. குடல் வெளிய. அண்டைக்கும் அது விடல்ல மனே, நாங்க ஈட்டியோட வருமட்டும் முன்னுக்கு நிண்டு குரைச்ச. அப்பா தோளில போட்டுக் கொண்டுவந்தாரு. தண்ணி சுட வெச்சுக் கழுவி, குடல உள்ளுக்குத் தள்ளி, வலை பொத்துற ஊசியால தைச்ச. மேலால தேன் விட்டுக் கட்டின. அம்மா மடியில தலைய வெச்சுக்கிட்டு இருந்தா, விடியுமட்டும். பிழைச்ச! அதுக்குப் பிறகு ரெண்டு ஈத்துக் குட்டி போட்ட."

அந்தக் குட்டிகள் யார் யாருக்குப் போயின என்று விரல் விட்டுச் சொன்னார். ஒன்று கதிரவெளிக்கு, ஒன்று பனிச்சங்கேணிக்கு, ஒன்று சேனைப் பக்கத்து மச்சானுக்கு. மச்சான் பதிலுக்கு ஒரு வலை கொடுத்தாராம். இறைச்சி பங்கிடும்போது நாய்க்காரனுக்கு ஒரு பங்கு கூடுதல். ஈட்டி குத்தினவனுக்கு ஒரு பங்கு, நாய் வைத்திருப்பவனுக்கு ஒரு பங்கு, இரண்டும் ஒருவரே என்றால் இரண்டு பங்கு. நாய் வைத்திருந்த கைம்பெண் ஒருத்தி காட்டுக்கே போகாமல் தன் பங்கை எடுத்தாள் என்றார். அவளுடைய நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்களாம். இந்தத் தகவலுக்காகவே நான் இத்தனை தூரம் வந்தது தகும்.

கறுவலியின் வழி எப்போது முடிந்தது என்று கேட்டேன். 2006 கடைசியில், யுத்தத்தில், செல்லடிக்கு நடுவே வாகரை மக்கள் வெளியேறினார்கள். நடந்தும், கடற்கரை ஓரமாகவும், காட்டுக்குள்ளாலும். நாயைக் கொண்டுபோக முடியாது, குரைத்தால் ஆட்கள் எல்லோருக்கும் ஆபத்து. அவர் அவிழ்த்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக் கூரை இல்லை, நாய்களும் இல்லை. காட்டில் நாய்க் கூட்டம் ஒன்று திரிகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கொஞ்ச நாள் காட்டோரம் போய்ச் சீழ்க்கை அடித்துப் பார்த்தாராம்.

"இப்ப நாய் வெச்சிருக்கீங்களா?"

"இரிக்கு. கோழி காக்க."

அவருடைய மனைவி இடையில் வந்து, கறுவலியை மடியில் வைத்திருந்த மாமியார் அந்த நாய்க்கென்று தனியாக ஒரு சட்டி வைத்திருந்ததைச் சொன்னார். மண்சட்டி. வேறு நாய் அதில் வாய் வைக்க விடமாட்டாராம். இதெல்லாம் எழுதுவதற்கா என்று கேட்டார். ஓம், எழுதத்தான் என்றேன். உடனே அவர் தன் தகப்பன் வீட்டு நாய்களின் பெயர்களையும் சொல்லத் தொடங்கினார்: புலியன், சுறுக்கன், வெள்ளைவாலி, பிறகு பெயர் மறந்துபோன ஒன்று. மறந்துபோன அந்தப் பெயருக்காகப் பக்கத்து வளவுக்கு ஆள் அனுப்பினார்.

நாளைக் காலை குஞ்சன்குளம் போகிறேன். அங்கே தொண்ணூறை நெருங்கும் ஒரு பெரியம்மா இருக்கிறார், பொழுது ஏறினால் அவருக்குப் பேசக் களைப்பு வந்துவிடும், ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். மூதூர்ப் பக்கம் சந்தோசபுரம், இலக்கந்தை, நல்லூரில் இப்படிப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் போனில் பதிந்து வையுங்கள். முதலில் நாயின் பெயரைக் கேளுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.